ஸூத்: ஆங்கிலம் தொலைத்த ‘உண்மை’

ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்த கேள்வி இது: “ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகம் ‘இன் ஸூத்’ என்று தொடங்குகிறது. உரைநூலில் ‘உண்மையாகவே’ என்று பொருள் போட்டிருக்கிறார்கள். ஆனால் ‘ஸூதிங்’ என்றால் இதமளிப்பது. ‘ஸூத்சேயர்’ என்றால் குறி சொல்பவர். ‘ஃபார்ஸூத்’ என்றால் கிண்டல் என்கிறார் எங்கள் பேராசிரியர். இதெல்லாம் ஒரே சொல்லா? சம்ஸ்கிருத ‘சத்திய’த்திலிருந்து வந்தது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அது சரியா?”

எல்லாம் ஒரே சொல்தான். ஆனால் சத்தியத்திலிருந்து அது வரவில்லை, சத்தியத்தோடு கூடப் பிறந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலம், ஜெர்மன், லத்தீன், கிரேக்கம், சம்ஸ்கிருதம் எல்லாம் எழுத்தே இல்லாத ஒரு பழைய மொழியிலிருந்து பிரிந்து வந்தவை. அந்த மொழியில் ‘இருத்தல்’ என்பதற்கு ‘எஸ்’ என்று ஒரு வேர். ஆங்கிலத்தின் ‘இஸ்’, லத்தீனின் ‘எஸ்ட்’, சம்ஸ்கிருதத்தின் ‘அஸ்தி’ மூன்றும் அதிலிருந்து வந்தவை. அஸ்தி என்றதும் நம் ஊர்ச் சொற்கள் இரண்டு நினைவுக்கு வர வேண்டும். ‘இருக்கிறது’ என்பவர் ஆத்திகர், ‘ந அஸ்தி’, அதாவது இல்லை என்பவர் நாத்திகர். அதே வேரிலிருந்து ‘இருக்கிற’ என்ற பொருளில் ஒரு பெயரெச்சம் போன்ற வடிவமும் உண்டானது. அது சம்ஸ்கிருதத்தில் ‘சத்’ ஆயிற்று. சத், சித், ஆனந்தம் மூன்றையும் சேர்த்து சச்சிதானந்தம் என்கிறோமே, அதில் சத் என்பது இருப்பு. அந்த சத்தோடு ‘ய’ சேர்ந்தால் சத்யம்.

அதே வடிவம் வடக்கு ஐரோப்பாவில் ‘ஸந்த்’ என்பது போல ஒலித்தது. இங்கிலாந்துக்குக் கடல் கடந்து போன கிளையில் அதற்கு ஒன்று நேர்ந்தது: ‘த்’ என்ற உரசொலிக்கு முன்னால் இருந்த மூக்கொலி விழுந்துவிட்டது, அதற்கு ஈடாக உயிர் நீண்டது. ‘ஸந்த்’ ‘ஸோத்’ ஆனது. பிறகு 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கில நெடில்கள் எல்லாம் இடம் மாறியபோது ‘ஸோத்’ ‘ஸூத்’ ஆனது.

இது ஏதோ வளைத்துப் பொருத்தியது போலத் தெரிந்தால், டூத்பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லுக்கு சம்ஸ்கிருதம் ‘தந்த’ என்கிறது, யானைத் தந்தம் என்று நாம் சொல்வது அதைத்தான். ஜெர்மனில் ‘ட்ஸான்’, மூக்கொலி இன்னும் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் ‘டூத்’, மூக்கொலி போய்விட்டது. வாத்துக்கு நெருங்கிய பறவைக்கு சம்ஸ்கிருதத்தில் ஹம்சம், ஜெர்மனில் ‘கான்ஸ்’, ஆங்கிலத்தில் ‘கூஸ்’. ஐந்துக்கு ஜெர்மன் ‘ஃபுயன்ஃப்’, ஆங்கிலம் ‘ஃபைவ்’. பல்லுக்கான அந்தப் பழைய சொல் எந்த வழியில் டூத் ஆனதோ அதே வழியில்தான் ‘ஸந்த்’ ஸூத் ஆனது. சம்ஸ்கிருதத்திலும் ‘சத்’ என்ற சொல் உருபேற்கும்போது ‘சந்தம்’, ‘சந்தஹ’ என்று ஒளிந்திருந்த ‘ந்’ ஒலி வெளியே வந்துவிடும். சொல்லுக்குச் சொல் ஒலி ஒற்றுமை தேடுவது வேறு, ஒலிமாற்றம் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்ப்பது வேறு. சொற்பிறப்பியல் நிற்பது இரண்டாவதில்தான்.

காணொளிக்காரர் பிசகியதும் இங்கேதான். உங்கள் பெரியப்பா மகனுக்கும் உங்களுக்கும் மூக்கு ஒரே மாதிரி இருந்தால், அவர் உங்கள் பிள்ளை என்று யாரும் சொல்வதில்லை. இருவருக்கும் தாத்தா ஒருவர், அவ்வளவுதான். சத்தியமும் ஸூத்தும் அப்படித்தான். இன்னும் துல்லியமாகச் சொன்னால், ஸூத்துக்கு நேர் உடன்பிறப்பு ‘சத்’. ‘சத்திய’த்துக்கு நேர் உடன்பிறப்பு இன்னொரு ஜெர்மானிய மொழியான காத்திக்கில் இருந்தது: ‘ஸுன்யா’, உண்மை என்று பொருள். 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா செய்த பைபிள் மொழிபெயர்ப்பில் அது வருகிறது. வேறு சிலர் நம் ‘சூது’ என்ற சொல்லோடு ஸூத்தை முடிச்சுப் போடுவதையும் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்த அடிப்படையும் இல்லை. ஒலி தற்செயலாக ஒத்துப்போகிறது, பொருளோ நேர் எதிர்.

சரி, ‘இருக்கிற’ என்ற சொல் எப்படி ‘உண்மை’ ஆகும்? இதைத் தமிழருக்கு விளக்கத் தேவையே இல்லை. ‘உண்மை’ என்ற நம் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: உள் + மை. உள்ளது என்பதே உண்மை. அதற்கு எதிர்ச்சொல் முதலில் பொய் அல்ல, இன்மை. தொல்காப்பியம் அன்மை, இன்மை, உண்மை, வன்மை என்று குறிப்புவினைகளை அடுக்கும்போது உண்மை என்பது ‘இருத்தல்’தான், வாய்மை அல்ல. ஆங்கிலத்தோடும் சம்ஸ்கிருதத்தோடும் எந்த இரத்த உறவும் இல்லாத ஒரு மொழிக் குடும்பம், தானாகவே அதே பாதையில் நடந்து அதே இடத்துக்கு வந்திருக்கிறது. உள்ளதைச் சொல்வது உண்மை, இருப்பதைச் சொல்வது ஸூத். இந்தச் சொல்லைப் பற்றி எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது இதுதான். ஓர் ஆங்கில மாணவருக்கு அகராதி பார்த்துத்தான் இது புரியும், நமக்கு நம் சொல்லே சொல்லிக்கொடுக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் ஸோத் மிகக் கம்பீரமான சொல். கிட்டத்தட்ட 1000ஆம் ஆண்டைச் சேர்ந்த ஏடு ஒன்றில் கிடைத்த ‘பேயோவுல்ஃப்’ காவியத்தில், மனித குலத்தை என்றும் ஆள்பவன் வல்லமையுள்ள கடவுளே என்ற உண்மை தெரிந்த ஒன்று என்று கவிஞர் சொல்லுமிடத்தில், ‘ஸோத்’ என்றுதான் அந்த வாக்கியத்தைத் தொடங்குகிறார். அதே காலத்தை ஒட்டிய பழைய ஆங்கில நற்செய்தி நூல்களில் இயேசு “ஆமென், உங்களுக்குச் சொல்கிறேன்” என்னும் இடங்களில் ‘ஸோத்லிச்செ’ என்று வரும். தமிழ் பைபிளில் “மெய்யாகவே உங்களுக்குச் சொல்லுகிறேன்” என்று படித்திருப்பீர்கள். நம் ‘மெய்யாகவே’ நிற்கும் இடத்தில் நின்ற சொல் அது.

அப்படிப்பட்ட சொல்லைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது ‘ட்ரூத்’. இது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கதையின் நடுப்பகுதி.

ட்ரூத்துக்கு ஆதியில் உண்மை என்ற பொருள் இல்லை. விசுவாசம், சொன்ன சொல் தவறாமை, கொடுத்த வாக்கு, இதுதான் அதன் பொருள். ‘ட்ரோத்’ என்ற இன்னொரு உருவத்தில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. நிச்சயதார்த்தத்தை ஆங்கிலத்தில் ‘பிட்ரோதல்’ என்கிறார்கள் அல்லவா, அது ‘வாக்குக் கொடுத்தல்’. ஆக, ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இரண்டு வேலையைச் செய்துகொண்டிருந்தன. உலகில் என்ன இருக்கிறதோ அது ஸூத். மனிதன் எதைக் காப்பாற்றுகிறானோ அது ட்ரூத். உண்மை, வாய்மை என்று நாம் பிரிப்பதற்குக் கொஞ்சம் நெருக்கமான பிரிவினை.

14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. ஒரு கதையில் மனைவி அவசரப்பட்டுக் கொடுத்துவிட்ட வாக்கைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று கணவன் சொல்கிறான்: மனிதன் காக்கக்கூடியவற்றில் மிக உயர்ந்தது ‘ட்ரூத்’. இன்றைய பொருளில் படித்தால் இந்த வரி பொய் பேசாமை பற்றியது போலத் தெரியும். இல்லை, அது வாக்குத் தவறாமை பற்றியது. அதே நூலில் சமையற்காரர் ஒருவர் “நீங்கள் சொல்வது முழு ஸூத்” என்று ஒப்புக்கொண்டு, உடனே ஃபிளெமிஷ்காரர்களின் பழமொழி ஒன்றை எடுத்துவிடுகிறார்: ஸூத்தான விளையாட்டு கெட்ட விளையாட்டு. உண்மையை வைத்துக் கேலி செய்தால் அது கேலியாக இருக்காது, தைக்கும் என்று பொருள்.

கொஞ்சம் கொஞ்சமாக ட்ரூத் தன் எல்லையை விரித்தது. வாக்குத் தவறாதவர் சொல்வது நம்பத்தக்கது, நம்பத்தக்கது நடந்ததோடு ஒத்துப்போவது, ஆகவே அதுவே உண்மை. இப்படி ஒரு படி ஒரு படியாக அது ஸூத்தின் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒரே வேலைக்கு இரண்டு பேர் நின்றால் மொழி ஒருவரை அனுப்பிவிடும், அல்லது வேறு வேலை கொடுக்கும். ஸூத்துக்கு இரண்டுமே நடந்தது. 17ஆம் நூற்றாண்டின் முதல் பாதியோடு தனிச்சொல்லாக அதன் பேச்சு வழக்கு ஏறக்குறைய நின்றுபோனது. அதன் பிள்ளைகள் மட்டும் வேறு வேறு வேலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

முதலில் ஃபார்ஸூத். ‘உண்மைக்காக’, ‘உண்மையாக’ என்பதுதான் சொல்லின் நேர்ப்பொருள், கிண்டல் எதுவும் கிடையாது. 1380களில் விக்ளிஃப் பெயரால் வழங்கும் பைபிள் மொழிபெயர்ப்பின் முதல் வடிவத்தில் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. லத்தீனில் ‘ஆனால்’, ‘ஏனெனில்’ போன்ற சின்ன இடைச்சொற்கள் நின்ற இடத்தில்கூட ஃபார்ஸூத்தையே போட்டிருக்கிறார்கள். சொல் தேய்வது இப்படித்தான். நம் பேச்சில் ‘ஆக்சுவலா’ வாக்கியத்துக்கு வாக்கியம் வந்து பொருளே இல்லாமல் போனதைக் கேட்டிருப்பீர்கள்.

அப்புறம் இதில் சமூகமும் சேர்ந்துகொண்டது. ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில் ஹாட்ஸ்பர் என்ற பிரபுவின் மனைவி “இன் குட் ஸூத்” என்று ஏதோ சொல்வாள். அவன் விடமாட்டான். நீ மிட்டாய்க்காரன் பெண்டாட்டி மாதிரி சத்தியம் செய்கிறாய், நீ ஒரு சீமாட்டி, வாய் நிறைய ஒரு நல்ல ஆணை இடு, இந்த ‘இன் ஸூத்’ எல்லாம் ஞாயிற்றுக்கிழமை உடுத்திக்கொண்டு கிளம்பும் நகரத்துக் கடைக்காரர்களுக்கு விட்டுவிடு என்பான். இந்த ஒரு காட்சி அகராதியின் ஒரு பக்கத்துக்குச் சமம். 1590களிலேயே ‘இன் ஸூத்’ என்பது கடவுள் பெயரை வீணாக எடுக்கப் பயந்த நடுத்தர மக்களின் மென்மையான ஆணை ஆகிவிட்டது என்று தெரிகிறது. நாம் “சத்தியமா சொல்றேன்” என்கிறோமே, அதே பதம், அதே இடம். உடன்பிறந்த இரண்டு சொற்கள் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வளர்ந்து ஒரே வேலையில் வந்து சேர்ந்திருக்கின்றன. மேட்டுக்குடியினர் அந்தக் கடைக்காரப் பேச்சைத் திருப்பிச் சொல்லிக் கேலி செய்யச் செய்ய, ஃபார்ஸூத்தில் கேலி ஒட்டிக்கொண்டது. “இவர் பெரிய வீரராம்!” என்று நாம் சொல்லும்போது அந்த ‘ஆம்’ செய்கிற வேலையைத்தான் இன்றைய ஆங்கிலத்தில் ஃபார்ஸூத் செய்கிறது. உங்கள் பேராசிரியர் சொன்னது இன்றைய வழக்குக்குச் சரி. சாசரையோ விக்ளிஃப் பைபிளையோ படிக்கும்போது அந்தப் பொருளைக் கொண்டுபோய் வைத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

ஸூத்சேயர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 14ஆம் நூற்றாண்டில் அது ‘உண்மை பேசுபவர்’. பிறகு, மறைந்திருக்கும் உண்மையைச் சொல்பவர், கடைசியில் வரப்போவதைச் சொல்பவர். ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் மார்ச் 15ஆம் நாள் குறித்து எச்சரிக்கும் ஆள் பெயரே இல்லாமல் வெறும் ‘ஸூத்சேயர்’ என்றுதான் வருகிறார். 1579இல் தாமஸ் நார்த் ஆங்கிலமாக்கிய, கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கின் வரலாற்றிலேயே அந்தச் சொல் அந்த இடத்தில் இருக்கிறது, ஷேக்ஸ்பியர் அங்கிருந்து எடுத்துக்கொண்டார். சீசர் அன்று கொல்லப்பட்டதால் அந்த ஆளுக்கு மட்டும் சொல்லின் பழைய பொருளும் பொருந்திவிடுகிறது: அவர் சொன்னது ஸூத்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸூதிங்கின் பயணம். இதைப் பலர் ‘ஸ்மூத்’ என்ற சொல்லோடு தொடர்புபடுத்தி விளக்குகிறார்கள். அது தவறு. பழைய ஆங்கிலத்தில் ‘ஸோதியன்’ என்று ஒரு வினை இருந்தது. ஒன்றை உண்மை என்று நிறுவுவது, மெய்ப்பிப்பது என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் அது, ஒருவர் சொல்வதை ‘ஆமாம், உண்மைதான்’ என்று ஆமோதிப்பது ஆனது. எல்லாவற்றையும் ஆமோதித்துக்கொண்டே இருந்தால் அதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: ஆமாம் சாமி போடுவது. அடுத்த பொருள் அதுதான், முகத்துதி. ஷேக்ஸ்பியரின் ‘கோரியலேனஸ்’ நாடகத்தில் தளபதி கோரியலேனஸ் இன்னொருவரைப் பார்த்து “நீ ஸூத் பண்ணவில்லை, ஆகவே என்னைப் புண்படுத்தவும் இல்லை” என்று சொல்வதை இன்றைய பொருளில் படித்தால் குழப்பமே மிஞ்சும். நீ எனக்கு ஆமாம் போடவில்லை, அதனால் எனக்கு வருத்தமில்லை என்கிறார். முகத்துதியில் மனம் குளிரும். அதனால் கடைசிப் படியாக, 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் மனத்தையோ வலியையோ தணிப்பது என்ற பொருள் வந்து நிலைத்துவிட்டது. மெய்ப்பித்தல், ஆமோதித்தல், முகத்துதி, ஆறுதல். ஒவ்வொரு படியும் பக்கத்துப் படியோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. முதல் படியையும் கடைசிப் படியையும் மட்டும் பார்த்தால்தான் உண்மைக்கும் ஆறுதலுக்கும் என்ன சம்பந்தம் என்று திகைக்கிறோம்.

இந்த இழுபறி ஒரே ஆசிரியரிடம், ஷேக்ஸ்பியரிடமே தெரிகிறது. ‘மாக்பெத்’ ஐந்தாம் அங்கத்தில், காடு நகர்ந்து வருவதாகச் செய்தி கொண்டுவந்தவனிடம் அரசன் சொல்கிறான்: பொய்யென்றால் உன்னை மரத்தில் தொங்கவிடுவேன், நீ சொல்வது ஸூத் என்றால் எனக்கு நீ அதையே செய்தாலும் கவலையில்லை. இங்கே ஸூத் என்பது பொய்க்கு நேர் எதிர், சுத்தமான உண்மை. ஆனால் ‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகத்தில், தான் நாடு கடத்திய பகைவனுக்கே அடிபணிய வேண்டி வந்த அரசன் தன் நாக்கையே நொந்துகொண்டு, கொடுத்த தண்டனையை ‘ஸூத்தான சொற்களால்’ திரும்ப எடுக்க வேண்டியதாயிற்றே என்று புலம்புகிறான். இங்கே அது குழைந்து பேசும் இனிப்பான பேச்சு. ஒரு சொல்லை ஆசிரியர் எந்தப் பொருளில் எழுதினார் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு படிக்கக் கூடாது, இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் மாணவர்களிடம் விடாமல் சொல்வது இதனால்தான்.

இரண்டு நூற்றாண்டு கழித்து, 1819இல் கீட்ஸ் ஒரு கவிதையில் விருந்துப் பண்டங்களை வருணிக்கும்போது, பாலாடைத் தயிரைவிட ‘ஸூத்தர்’ ஆன ஜெல்லிகள் என்கிறார். இதமான, வழவழப்பான என்று பொருள். உண்மையின் சாயல் அங்கே துளியும் இல்லை. ஏறக்குறைய அதே காலத்தில் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட், பழங்காலத்து வாசனை வேண்டும் என்பதற்காகப் பழைய பொருளிலேயே ஸூத்தைத் தூசி தட்டி எடுத்தார். இன்று வரலாற்று நாவல்களில் நீங்கள் பார்க்கும் ஸூத் பெரும்பாலும் இப்படி மறுபடி அழைத்துவரப்பட்டது, தொடர்ந்து பேசப்பட்டு வந்தது அல்ல.

உச்சரிப்பு பற்றி ஒரு சங்கதி. தமிழில் எழுதும்போது பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் ஒன்றுபோலவே ‘ஸூத்’ என்று ஆகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் கடைசி ஒலி ‘டூத்’தில் வருவது போல வல்லோசை. வினைச்சொல்லில் அது ‘மதர்’ என்பதில் வரும் மெல்லிய ஒலி. காரணம் எளிது. பழைய ஆங்கிலத்தில் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து வைத்துக்கொள்ளவில்லை. சொல்லின் ஓரத்தில் வந்தால் வல்லோசை, இரண்டு உயிர்களுக்கு நடுவில் வந்தால் மெல்லோசை. ‘தலை’யில் ஒரு தகரம், ‘பாதை’யில் இன்னொரு தகரம் என்று நாம் யோசிக்காமலே செய்கிறோமே, அதே ஏற்பாடு. ‘ஸோத்’தில் ஒலி ஓரத்தில் இருந்தது, ‘ஸோதியன்’னில் நடுவில் மாட்டிக்கொண்டது. பின்னால் இருந்த அசைகள் உதிர்ந்துபோனாலும் மெல்லோசை அப்படியே தங்கிவிட்டது.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குடும்பத்தின் இருண்ட பக்கம் அது. ‘இருப்பவன்’ என்ற இதே வடிவம் லத்தீனில் ‘ஸோன்ஸ்’ ஆகி, ‘குற்றவாளி’ என்று பொருள்பட்டது. பழைய நார்ஸ் மொழியில் ‘ஸன்னர்’ என்றால் உண்மையானது என்றும் பொருள், குற்றம் உறுதியானவன் என்றும் பொருள். யார் செய்தது என்று விசாரிக்கும்போது “அவன்தான்” என்று கை நீட்டுகிறோம் இல்லையா, அந்த ‘தான்’ போன்றது இது. செய்தவன் எவனோ அவனாக இருப்பவன். பாவத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ஸின்’ என்ற சொல்லும் இந்த வேரிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று பல மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். டேனிஷிலும் ஸ்வீடிஷிலும் இந்தச் சொல்லுக்கு வயதே ஆகவில்லை. அங்கே ‘ஸன்ட்’, ‘ஸான்’ என்று சின்னக் குழந்தை முதல் எல்லோரும் உண்மைக்கு இதைத்தான் சொல்கிறார்கள்.

இனி உங்கள் நாடகத்துக்கு வருவோம். ‘இன் ஸூத், ஐ நோ நாட் ஒய் ஐ ஆம் ஸோ ஸாட்’ என்று அந்தோனியோ வாய் திறக்கிறான். உரைநூலின் ‘உண்மையாகவே’ சரிதான், ஆனால் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. அவன் வணிகன். ஹாட்ஸ்பர் கேலி செய்த அந்த நகரத்து வர்க்கத்தின் ஆணை அவன் வாயில் இயல்பாக வருகிறது, அதில் கேலி இல்லை. பேச்சும் நடுவில் தொடங்குகிறது. நண்பர்கள் ஏற்கெனவே ஏன் ஒருமாதிரி இருக்கிறாய் என்று துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள், அவன் பதில் சொல்ல முடியாமல் சொல்வது இது. நான் மொழிபெயர்த்தால் இப்படி எழுதுவேன்: “சத்தியமாக எனக்குத் தெரியவில்லை, மனம் ஏன் இப்படிக் கனத்துக் கிடக்கிறதென்று.”